ஒன்பது கன்றுகள் வந்த வழி

கோலகங்சார் மாவட்ட அலுவலகத்தின் அருகே ஒரு கிழட்டுப் பால்மரம் நிற்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? நம் பாட்டன் பூட்டன் காலம் முதல் பால் வெட்டிப் பிழைத்த மரங்களில் பெரும்பாலானவை அதன் உறவுகள்தாம்.

1876-இல் விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கப்பலேற்றினார். ரப்பர் விதை சில வாரங்களிலேயே முளைக்கும் சக்தியை இழந்துவிடும். கியூ தாவரத் தோட்டத்தில் நூற்றுக்கு நான்குதான் முளைத்தன. அவற்றில் ஏறத்தாழ 1,900 கன்றுகள், 38 கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்குப் புறப்பட்டன. மண்ணிலிருந்து எழும் ஆவி கண்ணாடியில் பட்டு, நீராகி, மறுபடியும் மண்ணிலேயே சொட்டும். கடலின் உப்புக் காற்றும் உள்ளே நுழையாது. அதே ஆண்டு சிங்கப்பூருக்கு அனுப்பிய கன்றுகளோ பிழைக்கவில்லை. 1877-இல் மறுபடியும் 22 கன்றுகள் வந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அந்த ஒன்பதும் வழியில் வாடியிருந்தால்?

குளிர் நாடுகளில் பைன் நாற்றுகளைக் குளிர் அறையில் மாதக்கணக்கில் உறங்க வைத்து அனுப்புகிறார்கள். நம் ஊர்க் கன்றுகளுக்கு அந்த உறக்கம் கிடையாது. வேர் காய்ந்தால் தீர்ந்தது கதை. அதனால்தான் ஒட்டுக்கட்டைகளை இலையில்லாமல், வேரைக் கழித்து, ஈரச் சாக்கில் சுற்றி அனுப்புவது வழக்கம். இலை இல்லையென்றால் நீர் இழப்பும் குறைவு.

தோட்டத்தை விட்டு ஈப்போவுக்குக் குடிபோகும்போது, லயத்து வாசலில் நின்ற கறிவேப்பிலையின் கன்றையாவது எடுத்துப்போக யாருக்குத்தான் ஆசை இராது? அதற்கும் இதே கவனம்தான் வேண்டும்.

முதல்நாள் மாலையே தண்ணீர் ஊற்றுங்கள். காலையில் தாய்மண் உதிராமல் தோண்டி, ஈரச் சாக்கில் கட்டுங்கள். சாக்கு சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் வேர் அழுகும். பிழிந்த துணியின் ஈரம் போதும். தண்டைப் பிடித்துத் தூக்காதீர்கள். வேர்ப்பந்தைத் தாங்கிப் பிடியுங்கள். பாதி இலைகளைக் கிள்ளிவிடலாம். மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனால் காற்றுப் படாமல் மூடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள், கன்று வெந்துவிடும்.

வந்ததும் வெயிலில் நடவேண்டாம். தொட்டியில் வைத்து, ஒரு வாரம் நிழலில் இருக்கட்டும். புதுத் துளிர் கண்ட பிறகு மெல்ல வெயிலுக்குப் பழக்கி, நிலத்தில் நடுங்கள்.

இடம் பெயர்ந்தால் மனிதர்களுக்கே தேறிக்கொள்ள நாளாகிறது. கன்றுக்கு ஒரு வாரம் கொடுக்கக் கூடாதா?