வலிக்காத கால்

முதல் ஷிஃப்ட் முடிந்து வீட்டில் ஒருவர் சேஃப்டி ஷூவைக் கழற்றும்போது உள்ளிருந்து ஒரு சிறு கல் உருண்டு விழுகிறது. காலையிலிருந்து அதன் மேலேயே நடந்திருக்கிறார், உறைக்கவே இல்லை. பல வருடச் சர்க்கரை நோய் பாதத்தின் நரம்புகளை மரக்கச் செய்துவிட்டால், நெய்வேலிச் சுரங்கத் தொழிலாளி ஆனாலும் யாரானாலும் நடப்பது இதுதான்.

கல்லாவது விழுந்துவிட்டது. உள்ளே எலும்பு விரிசல் விட்டும் வலி தெரியாமல் நடந்துகொண்டே இருந்தால், நடுப்பாத மூட்டுகள் நொறுங்கி, பாதத்தின் வளைவு கீழ்நோக்கிப் புடைத்துப் படகின் அடிபோல் ஆகிவிடும். இதுவே சார்கோ பாதம். புடைத்த இடத்தில் புண், புண்ணிலிருந்து எலும்புக்குச் சீழ் என்று போய்க் காலையே எடுக்க நேரிடலாம்.

தொடக்கத்தில் கால் வீங்கிச் சிவந்து சுடும். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். இரு பாதங்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அந்தக் காலை ஊன்றாமல் மருத்துவரிடம் போங்கள். அப்போது பெரும்பாலும் கத்திக்கு வேலையில்லை. சூடு அடங்கும்வரை, மாதக்கணக்கில், காலோடு ஒட்டிய மாவுக்கட்டுதான்.

நெய்வேலிக்காரர்களுக்கு இதன் தத்துவம் எளிதில் புரியும். நிலக்கரிக்கு அடியில் மேல்நோக்கி முட்டும் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கத்தின் தரை தாங்கும். மாவுக்கட்டும் ஓரிடத்தில் குவியும் பாரத்தைக் கால் முழுக்கப் பரப்பிவிடுகிறது.

சூடு தணிந்தும் கோணல் அப்படியே இருந்துவிட்டால் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். துருத்தும் எலும்பைச் சீவிவிடுவது சிறியது. இறுகிய குதிகால் தசைநாணை நீட்டிவிட்டால் முன்பாதத்தின் பாரம் குறையும். பெரியது, சரிந்த மூட்டுகளை நிமிர்த்தி ஒன்றாக இணைப்பது. நோயுற்ற எலும்பு மெத்தென்றிருப்பதால் திருகு பிடிக்காது. ஆகவே நீண்ட திருகுகளை நல்ல எலும்புவரை செலுத்துகிறார்கள். சீழ் இருந்தால் வெளியே வளையங்களும் கம்பிகளும். பிறகும் பல மாதம் கால் ஊன்றக்கூடாது.

இந்த அறிவுக்கு நாம் தொழுநோயாளிகளுக்குக் கடன்பட்டிருக்கிறோம். கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946 முதல் வேலூர் சி.எம்.சி.யில் அவர்களின் மரத்த கைகால்களைச் சீராக்கினார். வலியின்மையே அவற்றைச் சிதைக்கிறது என்று காட்டினார். பின்னர் அமெரிக்கா சென்று, அவர்களுக்குப் போட்ட அதே மாவுக்கட்டை அங்குள்ள சர்க்கரை நோயாளிகளுக்கும் கொண்டுசேர்த்தார். இன்று கட்டு பிரித்தவர் பலர் மாட்டிக்கொள்ளும் எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலர் ரப்பர்) செருப்பும் தொழுநோயாளிகளின் காலுக்கென்று வந்த ரப்பர்தான்.