இரவுப் பணியில் மூத்த செவிலியர் யார்?

சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலையை ஒட்டிய புதுச்சத்திரம் ஒன்றியம், 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமாகும் வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. கோழிப் பண்ணைகளும் மரவள்ளிக் காடுகளும் நிறைந்த இந்தச் சமவெளியில் அரசு மருத்துவம் என்பது, பெரும்பாலான குடும்பங்களுக்கு, மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு செவிலியரைப் பார்ப்பதில் தொடங்குகிறது. ஆயினும் செவிலியரைப் பற்றிய பொதுப்பேச்சு ஊதியம், பணி நிரந்தரம், தொண்டுள்ளம் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. புதிதாக வேலைக்கு வரும் செவிலியருக்குத் தொழிலின் நுணுக்கத்தை யார் கற்றுத்தருகிறார்கள், இக்கட்டான நேரத்தில் அவர் சொல்லுக்கு யார் துணை நிற்கிறார்கள் என்ற கேள்விகள் எழுவதே அரிது.

தமிழ்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறையில் செவிலியருக்கான ஏணி ஒன்று ஒழுங்காகவே கட்டப்பட்டிருக்கிறது. சமவெளியில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையமும் அதற்கொரு கிராம சுகாதார செவிலியரும் இருக்க வேண்டும் என்பது விதி. அத்தகைய சில நிலையங்களைப் பார்த்துக்கொள்பவர் பகுதி சுகாதார செவிலியர். ஒன்றியம் முழுவதற்கும் பொறுப்பானவர் சமுதாய சுகாதார செவிலியர். இந்த வரிசையின் உச்சியில் இருப்பது மாவட்டத் தாய் சேய் நல அலுவலர் பதவி. மருத்துவர்களே எல்லா நாற்காலிகளிலும் அமர்ந்திருக்கும் ஒரு துறையில், ஊர் ஊராக நடந்து தொழில் கற்ற ஒருவர் மாவட்ட அளவு வரை உயர வழி இருப்பது சிறிய விஷயமன்று. 1980களில் டென்மார்க்கின் டானிடா நிதியுதவியோடு சேலம், தென்னார்க்காடு மாவட்டங்களில் நடந்த சுகாதாரத் திட்டம் இந்த வட்டாரத்தில் அந்த ஏணியின் கீழ்ப்படிகளுக்கு வலுச் சேர்த்தது.

ஏணி இருப்பதனாலேயே வழிகாட்டல் நடந்துவிடுவதில்லை. மேற்பார்வை என்பது செய்த வேலையைச் சரிபார்ப்பது. வழிகாட்டல் என்பது அடுத்த முறை அந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்யும் திறனை ஒருவரிடம் வளர்ப்பது. துணை சுகாதார நிலையத்துக்கு வரும் மூத்தவர், பதிவேடுகளில் விட்டுப்போன கட்டங்களை நிரப்பச் சொல்லி, தடுப்பூசி இலக்கைக் கேட்டு, கணினியில் ஏறாத கர்ப்பிணிகளின் பெயர்களைக் குறித்துக்கொண்டு கிளம்பினால் மேற்பார்வை முடிந்துவிடும். ஆனால், ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும் ஒரு கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மறுக்கும் மாமியாரிடம் எப்படிப் பேசுவது என்பதை அவர் உடன் சென்று பேசிக் காட்டினால்தான் இளையவர் கற்றுக்கொள்வார். பதிவேட்டுக்கு நேரம் இருக்கிறது, அந்த வீட்டுத் திண்ணைக்கு நேரம் இருப்பதில்லை என்பதே இன்றைய நிலை.

வழிகாட்டும் மூத்தவர் ஏன் வேண்டும் என்பதற்குப் பழைய சேலம் மாவட்டத்தின் வரலாற்றிலேயே ஒரு கடுமையான சான்று உண்டு. பெண் சிசுக்கொலை பரவியிருந்த சேலம், தருமபுரி, மதுரை வட்டாரங்களில், பிறந்த சில நாள்களுக்குள் இறந்த பெண் குழந்தைகளின் மரணத்தை ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகள் ‘சமூகக் காரணங்கள்’ என்ற தலைப்பில் தனியே குறித்தன. ஷீலா ராணி சுங்கத், வெங்கடேஷ் ஆத்ரேயா ஆகியோர் 1997-இல் வெளியிட்ட ஆய்வு அந்தப் பதிவேடுகளையே ஆதாரமாகக் கொண்டது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கியதும் இந்தப் பின்னணியில்தான். அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டிய கிராம சுகாதார செவிலியரோ, தான் வேலை பார்க்கும் அதே ஊரில், நாளை மறுபடியும் போய் நிற்க வேண்டிய அதே வீட்டைப் பற்றி எழுதுகிறார். ‘பால் புரையேறி இறந்தது’ என்று எழுதுவது அவருக்குப் பாதுகாப்பானது. உண்மையை எழுதுவதற்குத் தனிமனிதத் துணிவு மட்டும் போதாது. ‘எழுது, கேள்வி வந்தால் நான் பேசிக்கொள்கிறேன்’ என்று சொல்லும் ஒரு மூத்தவர் வேண்டும். தலைமை என்ற சொல்லுக்குச் செவிலியர் பணியில் பொருள் உண்டென்றால் அது இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. மேடையும் மாலையும் பிறகு.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் பணிச் செவிலியர்களின் நிலை வேறு. இவர்கள் ஏறும் ஏணி கிராம சுகாதார செவிலியரின் ஏணியன்று. பெரிய மருத்துவமனைகளில் செவிலியர் கண்காணிப்பாளராக முடியும் தனி வரிசை அது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதல் வேலைக்குச் சேர்பவருக்கு அடுத்த மேசையிலேயே இருபது ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் இருப்பார்; கேட்காமலே கற்றுக்கொள்ளலாம். மூன்று செவிலியர்கள் முறைவைத்துப் பணிபுரியும் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, இரவு ஷிஃப்டில் அந்த வரிசையின் மூத்தவரும் இளையவரும் ஒரே ஆள்தான். 1984-இல் வெளியான பாட்ரிசியா பென்னரின் நூல், செவிலியர் திறன் தொடக்கநிலையிலிருந்து வல்லுநர் நிலை வரை ஐந்து படிகளில் வளர்வதாக விளக்கி, அந்த வளர்ச்சிக்கு அனுபவமே அடிப்படை என்று வலியுறுத்தியது. அனுபவத்தைத் தனியாக நின்று சேர்ப்பதற்கும், பிழை நேரும் முன் கையைப் பிடித்து நிறுத்தும் ஒருவர் பக்கத்தில் இருக்கச் சேர்ப்பதற்கும் உள்ள தூரத்தை நோயாளியே கடக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் குறை முதலில் வெளிப்படும் இடம் பேச்சு. செவிலியர்கள் ‘ஓவர் கொடுப்பது’ என்று சொல்லும் பணிமாற்றம், ஒரு ஷிஃப்டின் அறிவை அடுத்த ஷிஃப்டிடம் ஒப்படைப்பதாகும். அது படுக்கையருகே நின்று நடக்கிறதா, கைப்பையை எடுத்துக்கொண்டே வாசலில் நடக்கிறதா என்பதைப் பொறுத்தே அடுத்த எட்டு மணி நேரத்தின் தரம் அமையும். மருத்துவரைத் தொலைபேசியில் அழைப்பது அதைவிடச் சிக்கலானது. ‘சார், பேஷண்டுக்குக் கொஞ்சம் பிளீடிங் இருக்கு, வந்து பாக்குறீங்களா?’ என்று ஒருவர் கேட்கலாம். அதே நோயாளியைப் பற்றி இன்னொருவர், ‘சார், ரெண்டாவது பிரசவம், குழந்தை பிறந்து இருபது நிமிஷம் ஆச்சு, நஞ்சு முழுசா வந்துடுச்சு, ஆக்சிடோசின் போட்டாச்சு, ஆனா கர்ப்பப்பை இறுகல, அரை லிட்டருக்கு மேல போயிடுச்சு, பி.பி. 90/60, ரெண்டு கையிலயும் லைன் போட்டு ட்ரிப் ஓடுது, 108-ஐக் கூப்பிட்டாச்சு, நீங்க நாமக்கல்லுக்குச் சொல்லிடுங்க’ என்றும் சொல்லலாம். இரண்டாவது அழைப்பில் நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை ஆகிய நான்கும் இருக்கின்றன. எஸ்.பி.ஏ.ஆர். எனப்படும் இந்த முறை அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் உருவாகி, 2000களின் தொடக்கத்தில் கைசர் பெர்மனென்டே மருத்துவமனைகள் வழியாக மருத்துவ உலகுக்கு வந்தது. நான்கில் கடினமானது கடைசிதான்: மருத்துவரிடம் ‘இதைச் செய்யுங்கள்’ என்று செவிலியர் சொல்வது. பேசும் ஆளைவிடக் கேட்கும் ஆள் உயர்ந்தவர் என்ற பழக்கம் ஊறிய இடத்தில், பயிற்சி வகுப்பில் காட்டப்படும் படங்களால் அது வந்துவிடாது. ஒரு மூத்த செவிலியர் அப்படிப் பேசுவதையும், மருத்துவர் அதைக் கோபமின்றிக் கேட்டுக்கொள்வதையும் காதால் கேட்டவருக்கே வரும்.

கற்பிப்பவரும் பணிசெய்பவரும் பிரிந்துபோனதே இதன் வேர் என்பதை வேலூர் நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தது. ஐடா ஸ்கடர் அங்கே நிறுவிய மருத்துவமனையில் டீலியா ஹூட்டன் 1909-இல் நடத்தத் தொடங்கிய செவிலியர் பள்ளி, 1946-இல் பட்டப்படிப்புக் கல்லூரியாக வளர்ந்தது. அதே ஆண்டு டெல்லியிலும் ஒரு கல்லூரி தொடங்க, இந்தியாவின் முதல் செவிலியர் பட்டப்படிப்புகள் இவ்விரண்டு இடங்களிலும் அமைந்தன. பின்னாளில் அலேயம்மா குருவிளா வேலூர்க் கல்லூரியின் முதல் இந்தியத் தலைவரானார். கல்லூரி ஆசிரியரே வார்டின் பொறுப்பையும் சுமக்கும் ஏற்பாடு அங்கே நிலைபெற்றிருக்கிறது; பாடம் நடத்துபவர் காலையில் நோயாளியின் புண்ணுக்குக் கட்டுப்போடுபவராகவும் இருப்பதால், மாணவர் படிப்பதும் பார்ப்பதும் ஒன்றாகவே இருக்கின்றன. கொங்கு வட்டாரத்தில் நெடுஞ்சாலைதோறும் முளைத்துள்ள தனியார் செவிலியர் கல்லூரிகள் பலவற்றில் இந்த இணைப்பு ஏட்டளவில்தான் உண்டு என்பதை அத்துறையினர் மறுக்க மாட்டார்கள்.

தனித்து நிற்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வேலூர் முறை அப்படியே பொருந்தாது. அதற்கு நெருக்கமான முயற்சி கர்நாடகத்தின் வடமாவட்டங்களில், 2010களின் தொடக்கத்தில், ‘சுக்ஷேமா’ என்ற திட்டத்தின் கீழ் நடந்தது. பிரசவத்தில் தேர்ந்த செவிலியர்களே வழிகாட்டிகளாக நியமிக்கப்பட்டு, சில ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குச் சுழற்சி முறையில் சென்று, ஒவ்வொன்றிலும் சில நாள்கள் தங்கி, அங்குள்ளவர்களோடு சேர்ந்து பிரசவம் பார்த்தார்கள், நோயாளிக் குறிப்பேடு எழுதினார்கள், மருந்து அலமாரியைச் சோதித்தார்கள். அவர்கள் மதிப்பெண் போட வந்தவர்கள் அல்லர் என்பதே அந்த ஏற்பாட்டின் உயிர்.

தமிழ்நாட்டில் 2018–20 காலத்துக்கான பேறுகால இறப்பு விகிதம் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 54. இந்திய சராசரி 97. இந்த இடைவெளியை உண்டாக்கியதில் செவிலியருக்குப் பெரும்பங்கு உண்டு. அதே மாநிலத்தில்தான், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியே 2015-இல் சேர்க்கப்பட்ட செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் பணிபுரிந்து, 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்கக வளாகத்தில் திரண்டு போராட வேண்டியிருந்தது. தன் வேலையே நிலையில்லாத ஒருவரிடம் இன்னொருவரை வளர்த்தெடுக்கும் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆகவே வழிகாட்டலைப் பற்றிய பேச்சு பணி நிரந்தரத்தைத் தவிர்த்துவிட்டு நடக்க இயலாது.

நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அங்குள்ள பிரசவ வார்டின் மூத்த செவிலியர்களில் சிலரை மாதத்தில் ஓரிரு நாள் புதுச்சத்திரம் போன்ற ஒன்றியங்களின் நிலையங்களுக்கு அனுப்பி, அங்குள்ளவர்களை அதே அளவு நாள்கள் வார்டுக்கு வரவழைப்பதற்குப் புதிய கட்டடமோ புதிய பதவியோ தேவைப்படாது. வெவ்வேறு இயக்ககங்களின் கீழ் உள்ள மருத்துவமனைக்கும் நிலையங்களுக்கும் இடையே ஓர் அரசாணை போதும்.