இறவாரத்தில் 600 கிலோ

2022 நவம்பரில், அமெரிக்காவின் பஃபலோ நகரை ஒட்டிய ஆர்ச்சர்ட் பார்க்கில் சில நாட்களுக்குள் 80 அங்குலம் பனி கொட்டியது. இரண்டு மீட்டர் உயரம். நிற்கும் ஆளையே மூடிவிடும். அந்த ஊர் ஸ்டேடியத்தில் நடக்க இருந்த அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தை டெட்ராய்ட் நகருக்கு மாற்றினார்கள். சாலையில் விழுந்த பனியை இயந்திரங்கள் அள்ளிவிடும். கடை, கிடங்கு, பள்ளி, மண்டபம் ஆகியவற்றின் கூரைமேல் விழுந்தது அங்கேயே கிடந்து உருக வேண்டும். உருகிய நீருக்கு ஒரு வழி வேண்டும்.

அந்த வழிக்கு யாழ்ப்பாணத்தில் 'பீலி' என்று பெயர். கூரை விளிம்பில் நீளவாக்கில் மாட்டிய தகரக் கால்வாய். மழை மட்டும் பெய்யும் ஊரில் அதன் வேலை சுலபம்: நீரைப் பிடித்து, குழாய்வழி இறக்கிவிட்டால் போதும். பனி நாட்டில் அதே பீலி நீரோடு எடையையும், இழுவிசையையும், உறைவையும் தாங்க வேண்டியிருக்கிறது.

முதலில் உறைவு. குளிர்காலத்தில் கட்டடத்துக்குள் ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். வெப்பக் காப்பு சரியாக இல்லாவிட்டால் அந்தச் சூடு மேலேறி, கூரைமேல் கிடக்கும் பனியின் அடிப்பக்கத்தை உருக்கும். நீர் வழிந்து இறவாரத்துக்கு வரும். இறவாரத்தின் கீழே அறை இல்லை, சூடும் இல்லை. அங்கே நீர் மறுபடி உறையும். சில நாட்களில் விளிம்பு நெடுக ஐஸ்கட்டியால் ஒரு வரப்பு எழும்பிவிடும். அடுத்து வரும் நீர் அந்த வரப்புக்குப் பின்னால் வயல்நீர் போலத் தேங்கி, கூரையின் இடுக்குகளில் ஏறி, உள்ளே சொட்டத் தொடங்கும். வட அமெரிக்கர்கள் இதை 'ஐஸ் டாம்' என்கிறார்கள். இதற்குப் பீலியைக் குறை சொல்லி மாற்றிப் பயனில்லை. கூரைக்கு அடியில் வெப்பக் காப்பையும் காற்றோட்டத்தையும் சீராக்குவதுதான் மருந்து.

அடுத்தது எடை. 15 சென்டிமீட்டர் அகலமும் அதே ஆழமும் கொண்ட ஒரு பெட்டிப் பீலி முழுக்க ஐஸ் நிறைந்தால், ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 20 கிலோ. 30 மீட்டர் நீளமுள்ள கடைவரிசையின் முகப்பில் அது 600 கிலோவைத் தாண்டும். மேலே படியும் பனியும் கீழே ஈட்டி போல் தொங்கும் கட்டிகளும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

ஆகவே பீலியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பு, பனி கூரையை விட்டு எப்படி இறங்கப் போகிறது என்பதை முடிவு செய்ய வேண்டும். பெரிய வணிகக் கட்டடங்களின் தட்டைக் கூரைகளில் வெளிப்பீலியைத் தவிர்த்து, நடுவில் வடிகால் வைத்துக் குழாயைக் கட்டடத்துக்குள்ளேயே இறக்குவது வழக்கம். உள்ளே இருக்கும் சூடு குழாயை உறையவிடாது. வடிகால் அடைபட்டால் நீர் தேங்கிக் கூரைக்கே ஆபத்து என்பதால், உபரி நீர் வழியும் இரண்டாவது பாதையும் கட்டாயம் வேண்டும். ஆண்டுக்கு ஏறக்குறைய 5 மீட்டர் பனி பெய்யும் ஜப்பானின் சப்போரோ நகரில் பல வீடுகளே இந்த முறையில் கட்டப்பட்டிருக்கின்றன. கூரை உள்நோக்கிச் சரிந்து, உருகிய நீர் நடுக்கால்வாயில் சேர்ந்து இறங்கும். நெருக்கமான தெருவில் பக்கத்து வீட்டின்மேல் பனி சரியாமலிருக்க அவர்கள் கண்டுகொண்ட வழி இது.

சரிவுக் கூரையானால் வெளிப்பீலி வேண்டும். அதன் வெளி விளிம்பு, கூரைச் சரிவின் நேர்கோட்டுக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். அப்போதுதான் சறுக்கி வரும் பனி பீலியைப் பிய்த்துக்கொண்டு போகாமல் தாண்டி விழும். தாண்டி விழும் பனி வாடிக்கையாளர் தலையில் விழக் கூடாது. அதற்காக வாசலுக்கு மேலே, கூரையிலேயே பனித்தடுப்புகளைப் பொருத்துவார்கள். தடுக்கப்பட்ட பனி கூரைமேலேயே தங்கும் என்பதால், கூரை அந்தச் சுமையைத் தாங்குமா என்று பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பீலியின் அளவுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 1,000 சதுர மீட்டர் கூரையில் மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் மழை அடித்தால், ஒவ்வொரு நொடியும் ஏறக்குறைய 28 லிட்டர் இறங்க வேண்டும். வீடுகளுக்குப் போடும் 5 அங்குலப் பீலி இதற்குப் போதாது. 6, 7 அங்குலப் பீலியோ பெட்டிப் பீலியோ வேண்டும். இறங்கு குழாயையும் பெரிதாக வைப்பது நல்லது. ஒடுங்கிய குழாய் சீக்கிரம் உறைந்து அடைபடும்.

அடுத்து, பீலியை எதில் செய்வது? அலுமினியம் துருப்பிடிக்காது, எடை குறைவு, இணைப்பின்றி நீளமாக வளைத்தெடுக்கலாம். மென்மையான உலோகம் என்பதால் பனிப் பகுதிக்குக் குறைந்தது 0.8 மில்லிமீட்டர் தடிமன் கேட்டு வாங்க வேண்டும். துத்தநாகம் பூசிய எஃகு அதைவிட உறுதி. பூச்சு தேய்ந்தால் துரு ஏறும். செம்பு பல தலைமுறை நிற்கும், விலைதான் எட்டாது. செம்பில் ஓடிய நீரை அலுமினியத்தில் விழவிட்டால் அலுமினியம் அரிக்கப்படும். பிளாஸ்டிக் கடுங்குளிரில் நொறுங்கக்கூடியது.

உலோகம் சும்மா கிடப்பதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. கோடை வெயிலுக்கும் குளிர்கால இரவுக்கும் 60 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், 30 மீட்டர் அலுமினியப் பீலி 4 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டு சுருங்கும். எஃகு அதில் பாதி. இந்த அசைவுக்கு இடம்விட்டு நடுவில் விரிவு இணைப்பு வைக்காவிட்டால் மூட்டுகள் பிளந்துவிடும்.

பல பீலிகள் கழன்று விழுவது அவற்றைப் பிடித்திருக்கும் தாங்கிகள் விட்டுப்போவதால்தான். சாதாரண இடங்களில் இரண்டு அடிக்கு ஒன்று போதும். பனி நாட்டில் ஓர் அடிக்கு ஒன்று வைத்து, ஆணிக்குப் பதில் திருகாணியால் உறுதியான மரத்திலோ எஃகிலோ இறுக்க வேண்டும்.

சிலர் பீலிக்குள் சூடேற்றும் மின்கம்பி ஓட்டுவார்கள். ஐஸின் நடுவே நீருக்கு ஒரு பாதையை அது திறந்துவிடும். பீலியோடு நிறுத்தாமல், இறங்கு குழாயின் கடைசிவரை கம்பி போக வேண்டும். இல்லையென்றால் உருகிய நீர் குழாயில் போய் உறைந்து, அதையே வெடிக்க வைக்கும். உறையும்போது நீரின் பருமன் ஏறக்குறைய 9 சதவீதம் பெருகும்.

இறங்கும் நீர் நடைபாதையில் பரவினால் அதுவும் கண்ணாடியாக உறையும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், தனியார் இடத்துப் பனியிலோ ஐஸிலோ வழுக்கிக் காயப்பட்டவர் வழக்குத் தொடர விரும்பினால் 60 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று 2021 ஜனவரி முதல் விதி இருக்கிறது. அந்தக் கடிதம் கட்டடத்தைக் கையில் வைத்திருப்பவருக்கே வந்து சேரும். அந்த மாகாணத்தின் ஸ்கார்பரோவிலும் மார்க்கம் நகரிலும் கடையும் மண்டபமும் நடத்தும் தமிழர்களுக்கும் இது பொருந்தும்.

அங்கே கட்டடம் வைத்திருப்பவர்கள் பீலி மாட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் நான்கு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: தகட்டின் தடிமன் என்ன? தாங்கிகளுக்கு இடைவெளி எவ்வளவு? விரிவு இணைப்பு எங்கே? குழாய் நீரை எங்கே கொண்டு விடும்? பதில்களை எழுத்தில் வாங்கிக்கொண்டு, இலையுதிர்காலம் முடிவதற்குள் வேலையை முடித்துவிடுங்கள்.