மோட்டாருக்கும் புதுப்பாடம்!

குழந்தைகளே! 1937ல் கோவையில், ஜி.டி.நாயுடுவும், டி.பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கினர். அந்தக் காலத்தில் மோட்டார் போட, தோட்டத்துக்கே போக வேண்டும். இன்று கொங்கு விவசாயிகள் பலர், வீட்டில் இருந்தபடியே செல்போனில் மோட்டாரை இயக்குகின்றனர். வீட்டு விளக்கும், கேமராவும்கூட இப்படி இயங்குகின்றன.

இவற்றை நடத்துவது மென்பொருள். அதில் ஓட்டை இருந்தால், அன்னியர் நுழைந்துவிடுவர். 2016ல், 'மிராய்' என்ற தீய மென்பொருள், தயாரிப்பாளர் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களில் புகுந்து, அமெரிக்காவில் பல இணையதளங்களை முடக்கியது. பாஸ்வேர்டை மாற்றுவதும், மென்பொருளைப் புதுப்பிப்பதும் இதனால்தான் அவசியம்.

ஆனால், ஆசிரியரிடம் புதுப் புத்தகமும், உங்களிடம் பழைய புத்தகமும் இருந்தால், பக்க எண் பொருந்துமா? அதுபோல, முதன்மை மென்பொருள் மட்டும் மாறினால், இணைப்புக் கருவிகளுக்கு அதன் கட்டளை புரியாமல் போகலாம். 'நில்' என்ற கட்டளை எட்டாமல், கிணறு வற்றிய பிறகும் ஓடினால், மோட்டார் பழுதாகிவிடும்!

எனவே, வீட்டுப் பெரியவர்கள் அப்டேட் செய்யும்போது இவற்றை நினைவூட்டுங்கள்:

* முதலில், பழைய அமைப்புகளை நகல் எடுக்க வேண்டும்.
* புதிய பதிப்பு, இணைப்புக் கருவிகளுக்குப் பொருந்துமா எனப் பார்க்க வேண்டும்.
* பாதியில் மின்சாரத்தை நிறுத்தக் கூடாது.
* முடிந்ததும், ஒவ்வொரு கருவியையும் போட்டு, அணைத்துச் சோதிக்க வேண்டும்.

மோட்டார் அறைக்குள் மட்டும் நீங்கள் தனியாகப் போகாதீர்கள்!