வாயில் நுழையாத பெயரும் சில புதிய ஆல்பங்களும்

"வெள்ளைக்காரன் பாட்டெல்லாம் ஒரே இரைச்சல்" என்று பெரியவர்கள் ஒதுக்குவதும், "உங்க பாட்டெல்லாம் ஒரே அழுகை" என்று பிள்ளைகள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வதும் புலம்பெயர்ந்த வீடுகளில் தினமும் நடக்கிற கூத்துதான். நான் இசை விமர்சகன் இல்லை. கோடு எழுதிப் பிழைப்பவன். லண்டனில் ரயிலில் ஆபீஸ் போய் வரும் நேரத்தில் பாட்டுக் கேட்பவன், அவ்வளவுதான். ஆனாலும் 2023 முதல் வந்த நான்கு ஆல்பங்களைப் பற்றிச் சொல்லியே ஆகணும் என்று தோன்றுகிறது. சோல், பாப், ராக் என்று வகை வேறாக இருந்தாலும் இவற்றில் வருவதெல்லாம் நமக்குத் தெரிந்த விஷயங்கள்: வேறு நாட்டிலிருந்து வந்த பாட்டி, நினைவு தப்பிப்போன முதியவர், வாயில் நுழையாத பெயர்.

பெயரிலிருந்தே தொடங்குகிறேன். குயீன் குழுவின் ஃப்ரெடி மெர்க்குரியை அறியாதவர் குறைவு. அவர் ஜான்சிபாரில் பிறந்த பார்சி, மும்பைக்கு அருகே பஞ்ச்கனியில் படித்தவர். இயற்பெயர் ஃபரூக் புல்சாரா. 1970களில் புல்சாரா என்ற பெயரோடு ராக் மேடை ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அவர் மாற்றிக்கொண்டார், ஜெயித்தார். அதைக் குறை சொல்ல நமக்கு என்ன தகுதி? நம்மில் எத்தனை பேர் ஆபீஸ் காலில் பெயரை இரண்டெழுத்தாகச் சுருக்கி "கால் மீ..." என்று தொடங்குகிறோம்! என் பெயர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பாதியாகிவிட்டது. மீதிப் பாதி சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

மைக்கேல் கிவானுகா அப்படிச் செய்யவில்லை. இடி அமீன் காலத்து உகாண்டாவிலிருந்து தப்பி வந்த பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர். ஆரம்பத்தில் பெயரை மாற்றிக்கொள்ளும்படி யோசனை வந்ததை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2019இல் வந்த மூன்றாவது ஆல்பத்துக்கு வெறுமனே 'கிவானுகா' என்றே பெயர் வைத்தார். அட்டையில் அவரையே ஒரு ராஜா மாதிரி வரைந்த ஓவியம். 2020இல் பிரிட்டனின் மெர்க்குரி பரிசு அந்த ஆல்பத்துக்குத்தான் போனது. மாற்றச் சொன்ன பெயரையே பரிசு மேடையில் சொல்லிக் கூப்பிட வைத்துவிட்டார் மனுஷன்.

அதற்கு ஐந்து வருஷம் கழித்து, 2024 நவம்பரில் வந்ததுதான் 'ஸ்மால் சேஞ்சஸ்'. நடுவில் இரண்டு குழந்தைகளுக்கு அப்பாவாகிவிட்டார். அது பாட்டில் தெரிகிறது. முந்தைய ஆல்பத்தில் இருந்த கோபமும் ஊர்வலச் சத்தமும் இதில் இல்லை. டேஞ்சர் மவுஸ், இன்ஃப்லோ என்ற அதே இரண்டு தயாரிப்பாளர்கள்தான், ஆனால் பேஸ் கிட்டாரும் வயலின்களும் மெல்லத் தவழ்கின்றன. குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு அடுத்த அறையில் வாசித்த மாதிரி இருக்கிறது. முதல் தடவை கேட்டபோது, சும்மா சொல்லக்கூடாது, எனக்குச் சற்று அலுப்பாகவே இருந்தது. நாலைந்து முறை கேட்ட பிறகுதான் பிடிபட்டது. இரண்டாம் பாதியில் வேகம் ரொம்பவே இறங்குகிறது என்ற குறை இப்போதும் உண்டு. ஆனால் 'லோடவுன்' என்ற பாட்டு இரண்டு பாகமாக வருகிறதே, அதில் இரண்டாம் பாகத்தில் கிட்டார் மட்டும் தனியே பேசுவதைக் கேளுங்கள். பிங்க் ஃபிளாய்ட் கேட்டு வளர்ந்த இன்ஜினீயரிங் ஹாஸ்டல்காரர்களுக்கு உடனே பிடிக்கும்.

ஒரு சின்ன வேண்டுகோள். ஷஃபிள் பட்டனை அணைத்துவிட்டுக் கேளுங்கள். முதல் பாகத்தை விட்டு இரண்டாம் பாகம் ஓடினால் ஒன்றும் புரியாது. 2021 நவம்பரில் '30' ஆல்பம் வந்தபோது அடெல் கேட்டுக்கொண்டதால்தான் ஸ்பாட்டிஃபை நிறுவனம் ஆல்பப் பக்கங்களில் வரிசைப்படி ஓடுவதையே முதல் தேர்வாக வைத்தது. பாடகர் அடுக்கிய வரிசைக்கு ஒரு காரணம் இருக்கும் என்பது அவருடைய வாதம். எனக்கும் அதே கட்சி.

அடுத்தது பாப். ஒலிவியா டீனின் 'தி ஆர்ட் ஆஃப் லவிங்', 2025 செப்டம்பரில் வந்தது. வீட்டில் பதின்வயதுப் பெண் இருந்தால் இந்நேரம் 'மேன் ஐ நீட்' உங்கள் சமையலறை வரை வந்திருக்கும். அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்தான், ஒரு பாட்டும் இழுக்காது. பழைய மோட்டவுன் சாயல், தெளிவான உச்சரிப்பு, கத்தாத குரல். காதலைப் பற்றி அலறாமல் நிதானமாக யோசிக்கிற பாடல்கள். குறை சொல்லணும் என்றால், எல்லாமே கொஞ்சம் துடைத்து வைத்த மாதிரி சுத்தம். எங்கேயாவது குரல் உடையாதா என்று காத்திருந்தேன், உடையவில்லை.

அவருடைய குரல் எங்கே கனக்கிறது என்று கேட்க வேண்டுமானால் 2023இல் வந்த முதல் ஆல்பமான 'மெஸ்ஸி'க்குப் போகணும். அதன் கடைசிப் பாட்டு 'கார்மென்', அவருடைய பாட்டிக்கான பாட்டு. கயானாவிலிருந்து இளம்பெண்ணாக விமானம் ஏறி இங்கிலாந்து வந்தவர் அந்தப் பாட்டி. விண்ட்ரஷ் தலைமுறை என்று இங்கே சொல்வார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருவர். பாட்டியின் பயணத்தால்தான் நான் இன்று இங்கே நின்று பாடுகிறேன் என்பதுதான் சாரம். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தன் பாட்டி எந்த வருஷம், எந்த ஊரிலிருந்து, என்ன பையோடு கிளம்பினார் என்று தெரியும்? ஹீத்ரோவில் இறங்கியவர்கள், கொழும்பில் மாதக்கணக்கில் விசாவுக்குக் காத்திருந்தவர்கள், ஜெர்மனி வழியாகச் சுற்றி வந்தவர்கள் என்று கதைக்கா பஞ்சம்? கேட்டால்தானே அவர்களும் சொல்வார்கள்.

இனி ராக். நான்கு ஆல்பங்களில் எனக்கு முதலிடம் இதற்குத்தான்: சாம் ஃபென்டரின் 'பீப்பிள் வாட்சிங்', 2025 பிப்ரவரி. ஃபென்டர் வடகிழக்கு இங்கிலாந்தின் நார்த் ஷீல்ட்ஸ்காரர். கப்பல் கட்டும் தொழிலும் சுரங்கமும் போன பிறகு மிச்சமிருக்கிற ஊர்களின் குரல். ஊர் வழக்கை மறைக்காமலே பாடுவார். நெல்லைக்காரர் நெல்லைத் தமிழிலேயே மேடையில் பாடுகிற மாதிரி. அமெரிக்காவின் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனைக் காப்பியடிக்கிறார் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. அதில் பாதி உண்மை. இந்த ஆல்பத்தை உடனிருந்து தயாரித்தவர்களில் ஒருவர் 'தி வார் ஆன் டிரக்ஸ்' குழுவின் ஆடம் கிரண்டூசியல் என்பதால் அந்த நெடுஞ்சாலைச் சத்தம் இன்னும் கூடிவிட்டது. நாலாவது பாட்டுக்குள் டிரம்ஸ் எங்கே ஏறும் என்று நமக்கே தெரிந்துவிடுகிறது.

ஆனால் அவர் சொல்ல வரும் விஷயம் காப்பி இல்லை. தலைப்புப் பாட்டு, தனக்கு இன்னொரு தாய் மாதிரி இருந்த தோழி ஒருவரின் கடைசி நாட்களைப் பற்றியது. பராமரிப்பு இல்லத்தில் அவர் பக்கத்தில் இருந்துவிட்டு வீடு திரும்பும் வழியில் தெருவில் போகிறவர்களைப் பார்க்கிறார். அந்த இல்லத்தில் ஆள் பற்றாக்குறை, கட்டடம் பழசு. கேட்கும்போது எனக்கு வேறு முகங்கள் நினைவுக்கு வந்தன. இந்த நாட்டுப் பராமரிப்பு இல்லங்களில் இரவு ஷிப்ட் பார்க்கிற நம் பெண்கள் எத்தனை பேர்! ஊரில் பெற்றோரை யாரோ பார்த்துக்கொள்ள, இங்கே யாருடைய பெற்றோரையோ இவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். ஃபென்டர் பாடுவது அந்தக் கட்டிலின் இந்தப் பக்கத்திலிருந்து. அந்தப் பக்கத்தில் கையுறை போட்டுக்கொண்டு நிற்பவர் பாடிய ஆல்பம் இன்னும் என் காதுக்கு வரவில்லை.

கடைசிப் பாட்டு 'ரிமெம்பர் மை நேம்'. அதில் கிட்டார், டிரம்ஸ் எல்லாம் ஒதுங்கிவிடுகின்றன. ஈசிங்டன் கோலியரி என்ற சுரங்க ஊரின் பித்தளை வாத்தியக் குழு வாசிக்கிறது. அந்தச் சுரங்கம் 1993இல் மூடப்பட்டது, பேண்டு மட்டும் இன்னும் இருக்கிறது. நினைவு தப்பிப்போன மனைவியிடம் கணவர் பேசுவதாகப் பாட்டு. ஃபென்டரின் தாத்தா பாட்டிதான் அந்த இருவர். தன் பெயரை அவள் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதைத் தவிர கிழவருக்கு வேறு ஆசை இல்லை. வீடியோ காலில் "யாரு பேசுறது?" என்று அம்மாவோ அப்பாவோ கேட்டு அனுபவப்பட்டவர்கள் இதை ரயிலில் கேட்க வேண்டாம். வீட்டில் கேளுங்கள்.

2025 அக்டோபரில் இந்த ஆல்பத்துக்கும் மெர்க்குரி பரிசு கிடைத்தது. முதன்முறையாக லண்டனுக்கு வெளியே, நியூகாசிலில், அதாவது அவர் ஊருக்குப் பக்கத்திலேயே விழா நடந்தது. உள்ளூர்க் கூட்டம் போட்ட சத்தத்தைச் சொல்லவும் வேண்டுமா?

நான்காவது நம்ம வீட்டுப் பெண். பிரியா ரகு. இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்த பெற்றோருக்குச் சுவிட்சர்லாந்தில் பிறந்து வளர்ந்தவர். விமான நிறுவனம் ஒன்றில் உதிரிப்பாகம் வாங்கும் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே பாடியவர். முப்பது வயதுக்குப் பிறகு வேலையை விட்டு முழுநேரப் பாடகியானார். அடமானக் கடனும் ஸ்பிரிண்ட் பிளானிங்குமாக ஓடுகிற எங்களைப் போன்றவர்களுக்கு அந்த ராஜினாமாக் கடிதத்தின் கனம் தெரியும். இசையமைத்துத் தருபவர் அவருடைய சகோதரர், மேடைப்பெயர் ஜாஃப்னா கோல்டு. 2023 அக்டோபரில் வந்த முதல் முழு ஆல்பத்துக்கு 'சந்தோசம்' என்று பெயர். மொழிபெயர்க்காமல் அப்படியே. ஒரு பாட்டின் பெயரே 'ஆடலாம் வா'.

நம்ம பொண்ணு என்பதற்காக மார்க்கைக் கூட்டிப் போடமாட்டேன். ஒரே ஆல்பத்தில் நடனம், ராப், சோல் என்று எல்லாவற்றையும் அடைக்கப் பார்த்திருக்கிறார். கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி இலையில் இடமே இல்லை. வேகம் குறைந்து குரல் தனியாக நிற்கும் இடங்களில்தான் அவர் யாரென்று தெரிகிறது. அவை இன்னும் கூடுதலாக இருந்திருக்கலாம். கிவானுகாவிடம் இருக்கிற பொறுமையில் பாதி இவருக்கு வந்தால் அடுத்த ஆல்பம் பெரிய விஷயமாக இருக்கும்.

பெயர் விஷயத்தில் இவர் கிவானுகா வழியில் முழுசாகப் போகவில்லை. குடும்பப் பெயர் ரகுபதிலிங்கம், மேடைக்கு ரகு. எனக்கு அதில் வருத்தமில்லை. எம்.ஐ.ஏ. என்று சுருக்கிக்கொண்ட மாதங்கி அருள்பிரகாசம், 2005இல் தன் முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயரான 'அருளர்' என்பதை வைத்தார். அடுத்ததற்கு அம்மாவின் பெயரான 'கலா'. தன் பெயரைச் சுருக்கி, பெற்றவர்கள் பெயரைப் பெரிசாக எழுதினார். இப்படியும் ஒரு வழி இருக்கிறது.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு: காரில் பிள்ளைகள் இருந்தால் ஒலிவியா டீன் போடுங்கள், சண்டை வராது. வாரக்கடைசி சமையலுக்குப் பிரியா ரகு. எல்லோரும் தூங்கிய பிறகு கிவானுகா. ஃபென்டரை மட்டும் தனியாக, கடைசிப் பாட்டு முடியும்வரை எழுந்து போகாமல் கேளுங்கள். கேட்டுவிட்டு ஊருக்கு ஒரு போன் போடுங்கள். இங்கே நள்ளிரவு என்றால் அங்கே விடியற்காலை, எப்படியும் அம்மா எழுந்திருப்பார்.