கணினிக்கு ஒரு கூடு

வீட்டிற்கு வந்த வானொலிப் பெட்டிக்குப் பூவேலை செய்த துணியுறை தைத்துப் போட்ட தாய்மாரை நம்மிற் பலர் கண்டிருக்கின்றோம். பின்னர் தொலைக்காட்சிக்கும் அந்த மரியாதை கிடைத்தது. இன்று கணினிக்கும் கிடைக்கின்றது. என் தங்கை வீட்டில் மேசையோரம் நிற்கும் கறுத்த இரும்புப் பெட்டிக்கும் அத்தகைய உறை ஒன்று உண்டு. சென்ற சித்திரை மாதத்தில் அவ்வுறையைக் கழற்ற நேர்ந்தமையே இக்கட்டுரைக்குக் காரணம். ஆயினும், அக்கதைக்கு முன்னர் வாசகரை அரை நூற்றாண்டு பின்னோக்கி அமெரிக்க நாட்டுக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கின்றது. வீட்டுக் கணினிக்குக் கூடு செய்யும் கலை பிறந்த இடம் அதுவே.

கணினியைப் பற்றி எழுதுவோர் அதன் மூளையைப் பற்றியே எழுதுவர். அதன் வேகத்தையும் நினைவாற்றலையும் வியப்பர். கூட்டைப் பற்றி எழுதுவார் அரியர். ஆனால், சற்றே சிந்தித்தால் ஓர் உண்மை புலனாகும். கணினியின் உறுப்புகளுள், வீட்டிலிருக்கும் ஒருவன் தன் கையாற் செய்யக்கூடியதாக எஞ்சியிருப்பது அக்கூடு ஒன்றே. சிலிக்கன் சில்லை எந்தக் கொல்லனும் வடிக்க முடியாது. தாய்ப்பலகையின் நுண்ணிய செப்புக் கோடுகளை எந்தத் தட்டானும் இழைக்க முடியாது. அவற்றைத் தாங்கி நிற்கும் பெட்டிக்கோ வாளும் அரமும் துளைகருவியும் போதும்.

1975 ஜனவரியில், ‘பொப்பியுலர் இலெக்ற்றோனிக்ஸ்’ என்னும் அமெரிக்கச் சஞ்சிகை தன் அட்டையில் ஒரு நீலப் பெட்டியின் படத்தை வெளியிட்டது. நியூ மெக்சிக்கோ மாநிலத்து அல்புகேர்க்கி நகரில் எட் றொபேட்ஸ் என்பாரின் நிறுவனம் ஆக்கிய ‘அல்ற்றெயர் 8800’ அது. வாங்குவோர் தாமே பூட்டிக்கொள்ளக்கூடிய கணினி. அந்த அட்டைப் படத்தில் ஒரு வேடிக்கை உண்டு. சஞ்சிகைக்கு அனுப்பப்பட்ட முதல் மாதிரி வழியிலே தொலைந்து போயிற்று. அச்சுக்குரிய நாளோ நெருங்கிவிட்டது. ஆகவே, முகப்பில் ஆளிகளும் சிறு விளக்குகளும் மாத்திரம் பொருத்தப்பட்ட வெறும் பெட்டி ஒன்றையே படம் பிடித்தனர். வீட்டுக் கணினியின் யுகம் உள்ளீடற்ற ஒரு கூட்டின் படத்தோடு தொடங்கிற்று என்று சொல்லின் அது மிகையன்று.

அடுத்த ஆண்டு நிகழ்ந்ததோ இதற்கு நேர்மாறு. 1975 மார்ச் 5ஆம் நாள், கலிபோர்ணியாவின் மென்லோ பார்க் என்னும் ஊரில், மோட்டார் வண்டிக் கொட்டகை ஒன்றில் ஆர்வலர் சிலர் கூடி ஒரு கழகம் அமைத்தனர். அக்கழகத்துக்கு வந்து போனவருள் ஒருவர் ஸ்டீவ் வொஸ்னியாக். அவர் வடிவமைத்த ‘அப்பிள் 1’ 1976இல் விற்பனைக்கு வந்தது. விலை 666 டொலர் 66 சதம். அப்பணத்துக்குக் கிடைத்தது ஒரு பச்சைப் பலகை மாத்திரமே. விசைப்பலகை, மின்மாற்றி, திரை ஆகியவற்றையும், இவற்றையெல்லாம் உள்ளடக்கும் பெட்டியையும் வாங்கியவர்தாம் தேடிக்கொள்ளல் வேண்டும். மவுண்டன் வியூ நகரில் கடை வைத்திருந்த போல் ரெரெல் என்பார் ஐம்பது பலகைகளுக்கு ஆணை கொடுத்தார். மொத்தமாகச் செய்யப்பட்டவை ஏறக்குறைய 200.

அந்த இருநூறு பேரிற் பலர் தச்சுவேலையில் இறங்கினர். அத்தகைய மரப்பெட்டி ஒன்று வாசிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் நூதனசாலையில் இடம்பெற்றுள்ளது. அதன் மரத்திற் கம்பனியின் பெயர் எழுத்தெழுத்தாகக் குடையப்பட்டிருக்கின்றது. அதன் படத்தை நான் நெடுநேரம் பார்த்திருக்கின்றேன். எழுத்துகள் ஒரு பழக்கப்பட்ட சிற்பியின் எழுத்துகள் போலில்லை. நம்மூரிற் புதிதாகப் படலை செய்தவன் அதில் வீட்டின் பெயரைச் செதுக்கியது போலிருக்கும். ஹவாய்த் தீவுகளுக்கே உரிய கோவா மரத்தாற் செய்யப்பட்ட பெட்டியோடு கூடிய வேறோர் ‘அப்பிள் 1’, 2021இல் கலிபோர்ணியாவில் ஏலம் போயிற்று. விலை 4 இலட்சம் டொலர்.

1977இல் வந்த ‘அப்பிள் 2’ வார்ப்புப் பிளாத்திக்குக் கூட்டோடு பிறந்தது. தச்சருக்கு அங்கு வேலையில்லை. 1980இல் வந்த ‘அப்பிள் 3’ கூட்டின் அருமையை வேறொரு வகையில் உணர்த்திற்று. விசிறியின் இரைச்சல் ஆகாது என்று கம்பனியின் தலைவருள் ஒருவரான ஸ்டீவ் ஜொப்ஸ் கருதினார். ஆதலால் அதற்கு விசிறி வைக்கப்படவில்லை. அலுமினிய உடலே வெப்பத்தை வெளியேற்றிவிடும் என்பது நம்பிக்கை. இயந்திரங்கள் பல பழுதுபட்டன. சில்லுகள் தம் குழிகளிலிருந்து மெல்ல மேலெழுந்தன. வெப்பமே காரணம் என்பாரும், உள்ளிருந்த பலகையின் நெருக்கமே காரணம் என்பாரும் உளர். கணினியின் முன்பக்கத்தைச் சில அங்குலம் உயர்த்தி மேசையில் ‘தொப்’பென்று விடுங்கள் என்பதே அப்பொழுது வாங்கியவர்களுக்கு வழங்கப்பட்ட பரிகாரம்! அறிவியலின் உச்சியில் நின்றவர்களும், பாடாத வானொலிக்கு ஓர் அடி கொடுக்கும் நம் அப்புமாரின் வைத்தியத்தையே நாடினர் என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்.

இனி, ஐ.பி.எம். கம்பனி 1981 ஓகஸ்டில் வெளியிட்ட கணினி ஓர் உருக்குப் பெட்டிக்குள் வந்தது. அதன் உள்ளமைப்பைக் கம்பனியே நூலாக அச்சிட்டு விற்றமையால் அதைப் பார்த்துச் செய்தோர் பலர். 1995இல் இன்ரெல் நிறுவனம் ‘ஏ.ரி.எக்ஸ்.’ என்னும் அளவு முறையை வெளியிட்டது. தாய்ப்பலகை 305 மில்லிமீற்றர் நீளமும் 244 மில்லிமீற்றர் அகலமும் உடையதாக இருக்கலாம். அதன் திருகாணித் துளைகள் இன்ன இன்ன இடத்தில் அமைதல் வேண்டும். பின்புறத்துச் செருகுவாய்களுக்கிடையே 20.32 மில்லிமீற்றர் இருத்தல் வேண்டும் என்றெல்லாம் அது விதித்தது. வாசிப்பதற்குச் சுவையற்ற ஏடுதான். ஆயினும், தச்சனுக்கு முழக்கோல் எத்தகையதோ, வீட்டிற் பெட்டி செய்பவனுக்கு அவ்வேடு அத்தகையது. தாய்வானிற் செய்த பலகை ஒன்று யாழ்ப்பாணத்திலே துளையிட்ட தகட்டிற் பிசகாமற் பொருந்துவது அதனாலேயே. பொதுவான அளவு ஊருக்குத் தெரிந்திருந்தால் எவனும் கையை வைக்கலாம். அளவு கம்பனியின் இரகசியமாக இருந்தால் பொருளை வாங்கியவனும் அதற்கு அந்நியனே. ஒட்டி மூடப்பட்ட இன்றைய மடிக்கணினிகளையும் கைப்பேசிகளையும் பார்க்கும்போது இதனை நான் நினைப்பதுண்டு.

இனித் தங்கை வீட்டுக்கு வருவோம்.

மருமகன் உயர்தர வகுப்பு மாணவன். பாடசாலைத் தமிழ் மன்றத்தின் ஆண்டிதழைப் பதிப்பிக்கும் பொறுப்பு அவனுக்கு. கவிதை, கட்டுரை யாவும் அந்தப் பழைய கணினியிலேயே எழுத்துக் கோக்கப்பட்டன. சித்திரை வெயில் ஏறியதும் நண்பகலில் அது தானாகவே அணைந்து போகத் தொடங்கிற்று. ஒரு நாளில் மூன்று முறை, நான்கு முறை. பழுது பார்க்கும் கடையிற் காட்டியபோது, “பலகை பழசு, புதிசு வாங்குங்கோ” என்றனர். அதற்குரிய பணம் தங்கையிடம் இல்லை. அச்சகத்திற்கு இதழைக் கொடுக்க வேண்டிய நாளுக்கோ பன்னிரண்டு நாள்களே இருந்தன.

கணினி உண்ணும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே வெளிப்படுகின்றது. நூறு உவாற்று உண்ணும் பெட்டிக்குள் காற்றின் வெப்பநிலை வெளியிலுள்ளதைவிடப் பத்துப் பாகைக்கு மேல் உயராதிருக்க வேண்டுமாயின், வினாடிக்கு எட்டு இலீற்றருக்குச் சற்று மேற்பட்ட காற்று அதனூடாகச் செல்லல் வேண்டும். முந்நூறு உவாற்றுக்கு 25 இலீற்றர். உயர்தர வகுப்புப் பௌதிகம் கற்ற எவரும் காற்றின் அடர்த்தியையும் தன்வெப்பக் கொள்ளளவையும் கொண்டு இதனைக் கணித்துக்கொள்ளலாம். மருமகனும் தன் பயிற்சிக் கொப்பியின் பின்தாளிற் கணித்தான். அறையே 33 பாகையாக இருக்கும் நம் நாட்டில் உள்ளே 43. சில்லின் வெப்பம் அதனினும் மிக மேலே நிற்கும். அது நூறு பாகையை அண்மிக்கும்போது சில்லு முதலில் தன் வேகத்தைக் குறைக்கும்; அதுவும் பயனளிக்காவிடில் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். ஆக, அப்பெட்டி பழுதடையவில்லை. மூச்சுத் திணறிற்று.

உறையைக் கழற்றிப் பார்த்தோம். முகப்பு முழுவதும் பளபளக்கும் பிளாத்திக்கு. காற்றுப் புக ஒரு விரற்கடை நீக்கல்தானும் இல்லை. பின்புறத்தில் 80 மில்லிமீற்றர் விசிறி ஒன்று இல்லாத காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. நம் முன்னோரின் நாற்சார் வீட்டை நினைத்தேன். சோளகக் காற்று வாசலாற் புகும். சூடேறிய காற்று முற்றத்து வானத்தால் மேலெழும். புகுவழியும் போகுவழியும் இரண்டும் வேண்டும் என்பதை அந்தத் தச்சர்கள் அறிந்திருந்தனர்.

கீழ் முன்புறத்தில் 120 மில்லிமீற்றர் விசிறி ஒன்று வைப்பதென முடிவாயிற்று. உள்ளிருந்த உறுப்புகள் யாவற்றையும் கழற்றிப் பத்திரிகைத் தாளில் வரிசையாக அடுக்கினோம். திருகாணிகளில் இருவகை உண்டு. ஒன்று அங்குல மரை, மற்றையது மில்லிமீற்றர் மரை. கலந்துவிட்டால் இழை தேயும். ஆகையால் இரண்டு தேநீர்ச் சிரட்டைகளில் வேறாக இட்டோம். மின்வழங்கியின் கூட்டை மட்டும் நாம் திறக்கவில்லை. மின்னை நீக்கிய பின்னரும் அதனுள் உயிருக்கு ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கலாம். இதைப் படிக்கும் மாணவர்களும் அதைத் திறக்கலாகாது. விசிறியின் நான்கு துளைகளும் ஒன்றுக்கொன்று 105 மில்லிமீற்றர் தூரத்தில் அமைவன. தாளில் வரைந்து, தகட்டில் ஒட்டி, ஆணி முனையாற் குறியிட்டான் மருமகன். அயலில் ஒட்டுவேலை செய்யும் ஒருவரிடம் துளைகருவியையும் நுண்பல் வாளையும் இரவல் பெற்றோம். உருக்குத் தகடு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த கனந்தான். ஆனால் வெட்டும்போது அது எழுப்பிய ஓலத்தால் அடுத்த வீட்டு நாய் ஊரைக் கூட்டிற்று. வட்டம் வட்டமாக அமையவில்லை. ஒரு பக்கம் சற்றே கோழிமுட்டை. அரத்தால் ஒரு மணிநேரம் தேய்த்துச் சீர்செய்தோம். கூரிய விளிம்பு கையைக் கிழிக்காதிருக்கப் பழைய சைக்கிள் ரியூப்பை நீளமாகக் கீறி வளைத்து ஒட்டினோம்.

பிளாத்திக்கு முகப்பை எறிந்துவிட்டமையால் அவ்விடம் வெறுமையாயிற்று. கொட்டிலுக்குள், பாட்டனார் காலத்து யன்னல் ஒன்றின் சாய்வுச் சட்டங்கள் பூட்டிய கதவு கிடந்தது. மழை புகாது, காற்று புகும். அதற்கென்றே செய்யப்பட்ட பொருள். அதில் ஒரு துண்டை அறுத்து இழைத்துப் பொருத்தினோம். பின்புறத்தில் நுளம்பு வலை ஒன்று, தூசுக்காக. மரம் அழகுதான், ஆனால் பெட்டி முழுவதையும் மரத்தாற் செய்ய நினைப்போர் ஒன்றைக் கருதல் வேண்டும். இரும்புக் கூடு கணினி எழுப்பும் மின்காந்த இரைச்சலைத் தன்னுள் அடக்குகின்றது, மரம் அடக்காது, அயலிலுள்ள வானொலி கரகரக்கும். மின்கசிவை நிலத்துக்குக் கடத்துவதும் அந்த இரும்பே. நாம் இரும்பைக் கைவிடாமல் முகத்தை மட்டும் மரமாக்கினோம்.

இரும்புப் பொடியைக் காந்தத்தாலும் ஈரத்துணியாலும் துடைத்து, யாவற்றையும் மீளப் பூட்டி ஆளியைத் தட்டினோம். விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. மீண்டும் தட்டினோம். மீண்டும் நின்றது.

தங்கை வாசற்படியில் நின்று பார்த்தாள். “இருந்ததையும் கெடுத்துப்போட்டியளே, அண்ணை” என்றாள். மருமகனின் முகத்திற் சொல் இல்லை. இதழின் அரைவாசிக்கு வேறெங்கும் பிரதி இல்லை என்பதை அவன் அப்பொழுதுதான் மெதுவாகச் சொன்னான். ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டு இருந்தவன் நான், ஏச வாயெடுத்தேன். பின்னர், பிரதி எடுத்தாயா என்று வாளைத் தூக்குமுன் கேட்காத என் மதியை நினைந்து வாயை மூடிக்கொண்டேன்.

அன்றிரவு அவன் மீண்டும் யாவற்றையும் கழற்றினான். பலகை தகட்டைத் தொடாதிருக்க அதன் கீழே சிறு பித்தளைத் தாங்கிகள் திருகப்படுவதுண்டு. பலகையின் துளைக்கு ஒன்றாக அவை அமைதல் வேண்டும். நாம் அவசரத்தில் ஒன்றை மிகையாகத் திருகிவிட்டோம். துளையற்ற இடத்தில் நின்ற அந்தப் பித்தளை, பலகையின் கீழுள்ள ஈயப்பற்றைத் தொட்டுக் குறுஞ்சுற்று உண்டாக்கிற்று. மின்வழங்கி அதனை உணர்ந்து தன்னை நிறுத்திக்கொண்டமையாற் பலகை தப்பியது. பதினொரு மணிக்கு, “மாமா, கண்டுபிடிச்சிட்டன்” என்று தொலைபேசியிற் கூவினான். அரிசிமணி அளவுள்ள பித்தளை!

கணினி இப்பொழுது நண்பகலில் அணைவதில்லை. இதழ் இரண்டு நாள் பிந்தி அச்சகம் சென்றது. முட்டை வட்டத்தினூடே விசிறி சிறிது முனகுகின்றது. அதைச் சீர்செய்யப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றான், செய்யமாட்டான்.

சென்ற சனிக்கிழமை அங்கு போயிருந்தேன். கணினிக்கு மீண்டும் உறை போடப்பட்டிருந்தது. திடுக்கிட்டு அருகிற் சென்றேன். உறையின் முன்புறம் யன்னற் சட்டத்தின் அளவுக்கு வெட்டப்பட்டு, ஓரம் மடித்துத் தைக்கப்பட்டிருந்தது; பின்புறமும் அவ்வாறே. அம்மா அளவு கேட்டாவா என்று மருமகனிடம் வினவினேன். கேட்கவில்லை என்றான்.