பரிசா, நஞ்சா?
மின்நூல் வாசிப்பானுக்கு அயல்மொழி அகராதி தேடுவோர் அறிய வேண்டியவை

ஜெர்மன் மொழியில் ‘கிஃப்ட்’ என்றால் நஞ்சு. அதே எழுத்துகள் ஆங்கிலத்தில் பரிசைக் குறிக்கும். ஜெர்மன் துப்பறியும் கதை ஒன்றை மின்நூல் வாசிப்பானில் படிப்பவர் அந்தச் சொல்லின் மேல் விரலை அழுத்திப் பிடிக்கிறார். திரையில் சின்னப் பெட்டி ஒன்று விரிந்து, ‘மனமுவந்து தரும் பொருள்’ என்று ஆங்கிலத்தில் விளக்கம் சொல்கிறது. கதையில் கோப்பையில் நஞ்சு கலக்கிறார்கள். படிப்பவர் மனதில் அன்பளிப்பு கைமாறுகிறது.

பழுது கருவியிலும் இல்லை, அகராதியிலும் இல்லை. பெரும்பாலான வாசிப்பான்கள் எந்த அகராதியைத் திறப்பது என்பதை நூலின் கோப்புக்குள் பதிந்திருக்கும் மொழிக் குறிப்பைப் பார்த்தே முடிவு செய்கின்றன. ஜெர்மன் நூலுக்கு யாரோ ‘ஆங்கிலம்’ என்று குறித்துவிட்டால் ஆங்கில அகராதிதான் திறக்கும். இதைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். கோவித் கோயல் 2006இல் உருவாக்கத் தொடங்கி இன்றுவரை இலவசமாகக் கிடைக்கும் ‘காலிபர்’ மென்பொருளில் நூலைத் திறந்து, மொழி என்ற இடத்தில் ஜெர்மன் என்று மாற்றி, மீண்டும் கருவியில் ஏற்ற வேண்டும். இது தெரியாமல் ஒன்றுக்கு இரண்டாக அகராதி வாங்கியவர்கள் உண்டு.

இன்று இந்தச் செய்தி தேவைப்படுவோர் கொஞ்சம் பேர் அல்ல. சென்னை நுங்கம்பாக்கத்து மாக்ஸ் முல்லர் பவனிலும் ஊருக்கு ஊர் முளைத்திருக்கும் பயிற்சி மையங்களிலும் செவிலியர்களும் பொறியாளர்களும் ஜெர்மன் படிக்கிறார்கள். பிரெஞ்சு, ஜப்பானிய மொழி கற்போரும் பெருகிவிட்டனர். பாடப்புத்தகத்தைத் தாண்டிப் படித்தால்தான் மொழி கைவரும் என்று ஆசிரியர்கள் சொல்ல, இவர்கள் வாசிப்பானை எடுக்கிறார்கள். அடுத்த தேடல் அகராதிதான். காசு பறிபோவதும், கருவி கெடுவதும், சட்டச் சிக்கலில் மாட்டுவதும் அந்த இடத்தில்தான்.

பணம் கொடுப்பதற்கு முன்னால் கருவியின் அமைப்புகளுக்குள் போய், மொழி மற்றும் அகராதிகள் பகுதியைத் திறந்து பார்க்க வேண்டும். கிண்டிலில் ஆங்கிலத்துக்கு ஆக்ஸ்போர்டு அகராதிகளும், ஜெர்மனுக்கு டூடன் அகராதியும், வேறு பல மொழிகளுக்கான அகராதிகளும் கருவியின் விலையிலேயே அடக்கம். கோபோ, பாக்கெட்புக் வாசிப்பான்களிலும் இப்படித் தரப்படுபவை உண்டு. கையில் இருப்பதையே மறுபடி காசு கொடுத்து வாங்குவது வீண். ஆனால் டூடன் ஜெர்மன் சொல்லுக்கு ஜெர்மனிலேயே பொருள் சொல்லும். தொடக்க நிலையில் இருப்பவருக்கு அது இருட்டில் இன்னொரு இருட்டு. அவருக்கு வேண்டியது ஜெர்மன்–ஆங்கிலம். அதைத் தேடித்தான் அவர் மின்நூல் கடைக்குப் போகிறார்.

அங்கே ‘அகராதி’ என்ற பெயரில் விற்பவை எல்லாம் அகராதியாக வேலை செய்வதில்லை. பல நூல்கள் வெறும் சொற்பட்டியல். பக்கம் பக்கமாகப் புரட்டிப் படிக்கலாம், அவ்வளவுதான். கதையில் ஒரு சொல்லை அழுத்தினால் பொருள் வர வேண்டுமானால், அந்தக் கோப்புக்குள் தேடலுக்கான சுட்டி ஒன்று தனியாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். அத்தோடு, ஒரு வினைச்சொல்லின் எல்லா வடிவங்களும் அதன் வேர்ச்சொல்லோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஜெர்மனில் ‘கேயன்’ என்றால் போதல். இறந்தகாலத்தில் அது ‘கிங்’ என்று உருமாறும். கதைகளில் வருவது பெரும்பாலும் ‘கிங்’தான். சரியாகக் கட்டிய அகராதி ‘கிங்’கை அழுத்தியதும் ‘கேயன்’ பக்கத்தைக் காட்டும். அரைகுறை அகராதி ‘பொருள் கிடைக்கவில்லை’ என்று கைவிரிக்கும். தமிழில் ‘வந்தான்’ என்பதை அழுத்தினால் ‘வா’ என்ற சொல்லுக்குப் போக வேண்டியதைப் போன்றது இது. கடையில் நூலின் மாதிரிப் பகுதியை இறக்கி, அகராதிப் பட்டியலில் அது தோன்றுகிறதா என்று பார்ப்பது நல்லது. விற்பனைப் பக்கத்தில் ‘இயல்பு அகராதியாக அமைத்துக்கொள்ளலாம்’ என்ற உறுதிமொழி இருந்தால் அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் புகார் கொடுக்க நேர்ந்தால் அந்தப் படம்தான் சாட்சி.

நல்ல அகராதிக்கும் எட்டாதவை சில உண்டு. ஜெர்மனில் சில வினைகள் இரண்டாக உடைந்து, ஒரு பாதி வாக்கியத்தின் கடைசியில் போய் நிற்கும். ‘ஃபிங்’ என்பதை அழுத்தினால் ‘பிடித்தான்’ என்று வரும். வாக்கிய இறுதியில் ‘ஆன்’ என்ற சிறு சொல் நின்றால் உண்மையான பொருள் ‘தொடங்கினான்’. அதே போல, பிரான்ஸ் காஃப்காவின் 1915ஆம் ஆண்டுக் கதையான ‘உருமாற்றம்’ முதல் வாக்கியத்திலேயே ‘உன்கெட்சீஃபர்’ என்ற சொல்லை வைத்திருக்கிறது. தொல்லை தரும் பூச்சிகளையும் சிற்றுயிர்களையும் மொத்தமாகக் குறிக்கும் சொல் அது. எந்த ஆங்கிலச் சொல்லைப் போடுவது என்பதில் மொழிபெயர்ப்பாளர்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. ஒற்றைச் சொல்லில் பொருள் தரும் மலிவு அகராதி இந்த நுட்பத்தைத் தொடவே தொடாது.

வாங்கிய அகராதி வாங்கியவருக்கே சொந்தமா? பெரும்பாலும் இல்லை. மின்நூல் கடைகள் தருவது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. 2009 ஜூலையில் அமேசான், தகுந்த உரிமை இல்லாத ஒருவர் விற்ற ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ நூல்களை வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அழித்தது. பணம் திரும்பி வந்தது. ஆனால் அந்த நூலில் ஒரு மாணவர் எழுதி வைத்திருந்த பாடக்குறிப்புகள் பயனற்றுப் போயின. அமேசான் பிறகு மன்னிப்புக் கேட்டது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையையே மூடியது. வாங்கிய நூல்கள் திறப்பதை நிறுத்தின, காசைத் திருப்பித் தந்தார்கள். 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கிக் கேபிள் வழியாக மாற்றிக்கொள்ளும் வசதியையும் அமேசான் எடுத்துவிட்டது. கணக்கு முடங்கினாலோ வேறு நிறுவனக் கருவிக்கு மாறினாலோ, வாங்கிய அகராதியைக் கூடவே கொண்டுபோக முடியாது. ஆயிரக்கணக்கில் செலவழித்து அகராதி வாங்குவோர் இதை மனதில் வைத்தே வாங்க வேண்டும்.

காசு மிச்சம் பிடிக்க நினைப்போரை இழுப்பது டெலிகிராம் குழுக்கள். ‘எல்லா மொழி அகராதிகளும் ஒரே தொகுப்பில்’ என்ற அறிவிப்பைப் பார்த்ததும் கை தானாகப் போகும். சொற்கள் பொதுச் சொத்துதானே, அகராதிக்கு என்ன காப்புரிமை என்று கேட்பவர்கள் உண்டு. சொற்கள் பொதுச் சொத்துதான். அவற்றுக்கு ஒருவர் எழுதிய விளக்கமும், அவர் தேர்ந்து அடுக்கிய விதமும் அவருடைய உழைப்பு. 1957ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம் தொகுப்புகளையும் இலக்கியப் படைப்பாகவே கணக்கில் எடுக்கிறது. ஆசிரியரின் வாழ்நாளும் அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு.

திருட்டைக் கண்டுபிடிக்க அகராதிக்காரர்கள் பொறியே வைத்திருக்கிறார்கள். 2001இல் வந்த நியூ ஆக்ஸ்போர்டு அமெரிக்கன் அகராதியில் ‘எஸ்க்விவேலியன்ஸ்’ என்றொரு சொல் இருந்தது. ‘கடமையை வேண்டுமென்றே தட்டிக்கழித்தல்’ என்று பொருளும் போட்டிருந்தார்கள். அப்படி ஒரு சொல்லே ஆங்கிலத்தில் கிடையாது. படியெடுப்பவரைப் பிடிக்கத் தொகுப்பாளர்களே உண்டாக்கி வைத்த சொல் அது. அது இணைய அகராதி ஒன்றிலும் தலைகாட்டியது. பொறி வேலை செய்தது.

இந்தியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, தெரிந்தே காப்புரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. 2012இல் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு, படைப்பைக் காக்கும் மின்பூட்டை உடைப்பதைத் தனிக் குற்றமாக்கி, 2 ஆண்டு வரை சிறைக்கு வழி செய்கிறது. குழுவுக்குள் பெயர் தெரியாமல் இருப்பதால் தப்பிவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். பயிற்சி ஆசிரியர் ஒருவரின் பாடங்களைத் திருட்டுத்தனமாகப் பகிர்ந்தவர்களின் விவரங்களைத் தருமாறு 2022 ஆகஸ்டில் டெல்லி உயர்நீதிமன்றம் டெலிகிராமுக்கு ஆணையிட்டது. வாசகருக்கும் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது: 52ஆம் பிரிவு சொந்தப் படிப்புக்கும் ஆய்வுக்குமான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. ஆனால் முழு அகராதியையும் குழுவில் போட்டுப் பகிர்வது அதில் அடங்காது.

சட்டச் சிக்கலை விடக் கருவிக்கு வரும் கேடு உடனடியானது. ஆண்ட்ராய்டில் இயங்கும் வாசிப்பான்களில் செயலிகளை நேரடியாக நிறுவ முடியும். முகம் தெரியாதவர் அனுப்பும் ஏபிகே என்ற செயலிக் கோப்பு ‘அகராதி’ என்ற பெயரில் வந்தாலும் அதைத் தொடக் கூடாது. அகராதிக்குக் குறுஞ்செய்தியும் தொடர்புப் பட்டியலும் எதற்கு? அந்த அனுமதியைக் கேட்ட நிமிடமே செயலியை நீக்கிவிட வேண்டும். அப்படிப்பட்ட செயலியால் ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணையவழி மோசடிக்கான உதவி எண் 1930க்குச் சொல்ல வேண்டும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, நேர்வழியில் இலவசமாக எதுவும் இல்லையா என்றால், நிறையவே உண்டு. ஜப்பானிய மொழிக்கு ஜிம் பிரீன் 1991இல் தொடங்கிய அகராதித் திட்டம் ‘ஜேஎம்டிக்ட்’ ஆக வளர்ந்து, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. சீனத்துக்கு ‘சிசி-செடிக்ட்’ அதே மாதிரி. ஜெர்மன்–ஆங்கிலத்துக்குக் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ‘டிங்’ சொற்தொகுப்பும், அதை ஒட்டிய ‘ஃப்ரீடிக்ட்’ கோப்புகளும் கிடைக்கின்றன. 2002இல் பிறந்த விக்சனரியின் உள்ளடக்கத்தையும், பெயர் குறிப்பிட்டு அதே உரிமத்தில் தரும் வரை, யாரும் மாற்றிப் பகிரலாம். காப்புரிமை கடந்த 1913ஆம் ஆண்டு வெப்ஸ்டர் ஆங்கில அகராதி பழைய நாவல்களுக்குத் தோதானது.

கோப்பு வகையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கிண்டிலுக்கு வேண்டியது மொபி வகை. மின்னஞ்சல் வழியாக நூல் அனுப்பும் வசதி இப்போது மொபியை ஏற்பதில்லை. கேபிள் இணைத்து நேராகக் கருவிக்குள் போட வேண்டும். கோபோவுக்குத் தனி ஜிப் கோப்பு, பாக்கெட்புக்குக்கு அதன் சொந்த வகை. ‘கோரீடர்’ என்ற இலவச வாசிப்புச் செயலி ‘ஸ்டார்டிக்ட்’ வகையைப் படிக்கும். ஒரு ஸ்டார்டிக்ட் அகராதி என்பது ஒன்றோடொன்று சேர்ந்தே இயங்கும் மூன்று கோப்புகள்: விவரம் ஒன்றில், சுட்டி ஒன்றில், பொருள் ஒன்றில். மூன்றும் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் அகராதி பட்டியலில் தலைகாட்டாது. ‘கெட்டுப்போன கோப்பு’ என்று பலர் எறிந்துவிடுவது இதனால்தான். கிண்டிலில் கோரீடரை நிறுவ, கருவியின் மென்பொருள் கட்டுப்பாட்டை நீக்க வேண்டியிருக்கும். உத்தரவாதம் போய்விடக்கூடும் என்பதால் புதிய கருவியில் அதை முயலாமல் இருப்பதே நலம்.

காசு கொடுத்து வாங்கிய அகராதி சொன்னபடி வேலை செய்யாவிட்டால் வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள் மின்னணுப் பொருள்களுக்கும் பொருந்தும். முதலில் கடையின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாதவர் மீது, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. இணையவழியிலும் பதியலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. கொடுத்த விலை ரூ.5 லட்சம் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் போய்ச்சேர வேண்டும். விற்பனைப் பக்கத்தின் படம், ரசீது, சொல்லை அழுத்தியபோது ‘பொருள் கிடைக்கவில்லை’ என்று வந்த திரையின் படம் ஆகிய மூன்றையும் இன்றே எடுத்து வையுங்கள்.